சம்மணத்தில் பூட்டிக்கொண்ட முழங்கால்

முழங்காலை நம்பிப் பிழைத்தவன் நான். ஆனால் என்னை வீட்டுக்கு அனுப்பியது கழுத்து. ஆபரேஷன் தியேட்டரில் திரையை அண்ணாந்து பார்த்துப் பார்த்தே என் கழுத்தெலும்புகள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு. "மூட்டு டாக்டருக்கே கழுத்து போச்சாம்" என்று எங்கள் காலனியில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களில் பாதிப்பேரின் முழங்காலை நான் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சிரிக்கும் அளவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

இளம் டாக்டர்களே, நீங்கள் இப்போதுதான் மூட்டுக்குள் விடும் கேமராவைக் கையில் பிடிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எங்கே துளை போடுவது, எந்த நூலை எப்படி முடிவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் செல்போனில் வீடியோ இருக்கிறது. வீடியோவில் இல்லாத ஒரு சமாசாரத்தைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன். முதலில் அடக்கமாகத்தான் எழுதிப் பார்த்தேன். என் மனைவி படித்துவிட்டு, "யாரு எழுதினது இது?" என்று கேட்டாள். கிழித்துப் போட்டுவிட்டேன்.

ஹைதராபாத் குகட்பள்ளியில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு வகை முழங்கால்கள் வரும். மாதாப்பூர் ஆபீசில் வாரம் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடித் திருப்பிக்கொண்டவை ஒரு வகை. ஜீடிமெட்லா தொழிற்சாலைப் படிக்கட்டில் வழுக்கியவை இன்னொரு வகை. இரண்டுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்துவிடுவார்கள். கல்யாண வீட்டுக்குள் நுழையும்போது மொய்க்கவரை நீட்டுவதுபோல, கதவைத் திறந்ததும் அந்தப் பெரிய உறையைத்தான் நீட்டுவார்கள். நானும் வாங்கி வெளிச்சத்தில் பிடிப்பேன். ஆளின் முகத்தை அப்புறம்தான் பார்ப்பேன்.

பிரிசில்லா வந்த அன்று உறையை நீட்டியது அவள் இல்லை. அவளோடு வந்த காக்கி உடுப்புப் பெண்மணி.

"நாடகாலு சார். அந்தா நாடகாலே" என்றார். எல்லாம் நாடகம் என்று அர்த்தம். பெயர் யாதம்மா. காவலர் பயிற்சி மையம் ஒன்றில் பெண்களுக்கு டிரில் சொல்லிக்கொடுப்பவர். பிரிசில்லா அங்கே பயிற்சியில் இருந்தவள். தேர்வு எழுதி, ஓடி, குதித்து, வேலையைக் கையில் வாங்கிவிட்டாள். பயிற்சியை முடிப்பது மட்டும்தான் பாக்கி. பின்னாலேயே அவளுடைய அப்பா சாமுவேல், செகந்திராபாத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்ப்பவர். தாத்தா காலத்தில் நாசரேத்திலிருந்து வந்த குடும்பம். அவர் பேச்சு இன்னும் தாமிரபரணியைத் தாண்டவில்லை. மகளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும். பதில் மட்டும் ஹைதராபாத் இந்தியில் வரும். யாதம்மாவோ தெலுங்கு. எல்லாவற்றையும் நான் தமிழிலேயே எழுதிவிடுகிறேன், உங்களில் பலர் இப்போதுதான் சென்னையிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறீர்கள்.

"என்னம்மா பிரச்சினை?" என்று பிரிசில்லாவைக் கேட்டேன். பதில் யாதம்மாவிடமிருந்து வந்தது.

"கிரவுண்ட்ல வரிசையா சம்மணம் போட்டு உக்கார வெச்சுப் பாடம் எடுப்போம் சார். எழுந்திருன்னு சொன்னா எல்லாரும் எழுந்திருப்பாங்க. இவ மட்டும் எழுந்திருக்க மாட்டா. வலது முட்டி மடங்கினபடியே நிக்குது, நீட்ட வரலைம்பா. ரெண்டு பொண்ணுங்க தூக்கிட்டுப் போகணும். டாக்டர் ரூம் வாசலுக்குப் போறதுக்குள்ள டக்குனு சரியாயிடும். நடந்து உள்ள போவா. டாக்டர் என்ன பண்ணுவார்? ஒண்ணுமில்லன்னு எழுதுவார்."

"ஓடும்போது இப்படி ஆகுதா?"

"அதான் சார் வேடிக்கை! ஓடும்போது ஆகல. லாங் ஜம்ப்ல ஆகல. மார்ச் பண்ணும்போது ஆகல. உக்காந்து எழுந்திருக்கச் சொன்னா மட்டும் பூட்டிக்குது. பெரிய மகாராணி முட்டி!"

யாதம்மா குற்றப்பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அது நோயின் வர்ணனைபோலக் கேட்டது. நடிக்க வேண்டுமென்றால் யாராவது ஓட்டத்தை விட்டுவிட்டு, உட்காரும் வகுப்பில் போய் நடிப்பார்களா? வெயிலில் ஓடுவதைத் தட்டிக்கழித்தால் லாபம் உண்டு. மண்ணில் உட்கார்ந்திருப்பதைத் தட்டிக்கழித்து என்ன கிடைக்கும்?

பிரிசில்லா வாயைத் திறந்தாள். "சுவரு தாண்டிக் குதிக்கிறப்ப ஒருநாள் விழுந்தேன் சார். அதுலேருந்துதான். தானா சரியாகலைன்னா படுத்துக்கிட்டு கெண்டைக்காலை உள்பக்கமா திருப்பச் சொல்வேன். டக்னு சத்தம் வரும். அப்புறம் ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடும்."

"வீட்ல?"

சாமுவேல் சொன்னார்: "வீட்ல தரையிலயே உக்காரமாட்டுக்கா சார். ஜெபக்கூட்டத்துல எல்லாரும் ஜமுக்காளத்துல இருக்கையில, இவ கெழவிங்க கூட நாற்காலில போயி இருக்கா. ஏட்டி, ஒனக்கு என்ன வயசாச்சின்னு எல்லாரும் கேக்காவ. எம்புள்ள பொய் சொல்லமாட்டா சார். ஆனா அந்த முட்டு பொய் சொல்லுதோ என்னமோ."

படத்தைப் பார்த்தேன். அழகான முழங்கால். பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம். கீழே அறிக்கையும் அதையே சொன்னது: இயல்பு. காலை நீட்டி, மடக்கி, முறுக்கி, எனக்குத் தெரிந்த எல்லாச் சோதனையும் செய்து பார்த்தேன். எல்லாம் இயல்பு. தரையில் ஒரு போர்வையை விரித்து, "உட்கார்ந்து காட்டும்மா" என்றேன். உட்கார்ந்தாள், எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள். முட்டி சொன்னபடி கேட்டது. மெக்கானிக் முன்னால் எந்த வண்டியும் சத்தம் போடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே.

யாதம்மா கையைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "பாத்தீங்களா?" என்று அந்தப் பார்வைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். இந்தமுறையும் ஆஸ்பத்திரியிலிருந்து 'ஒன்றுமில்லை' என்று எழுதி வந்தால், வேண்டுமென்றே பயிற்சியைத் தட்டிக்கழிக்கிறாள் என்று பிரிசில்லாவை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வேலை போய்விடும். உண்மையிலேயே ஏதாவது இருந்தால் வைத்தியம் செய்துகொண்டு அடுத்த பேட்ச்சில் சேரலாம். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார். எழுத்துல வேணும்."

அன்று சாயந்திரம் படம் பார்த்து அறிக்கை எழுதிய ரேடியாலஜி நண்பருக்குப் போன் போட்டேன். கோயம்புத்தூர்க்காரர். கோபம் வந்தாலும் 'ங்க' போட்டுத்தான் கோபிப்பார்.

"ஏனுங்க, என் ரிப்போர்ட்ல தப்புங்கிறீங்களா?"

"தப்பே இல்லைங்க. வெளிப்பக்க ஜவ்வோட பின்மூலையை மட்டும் இன்னொருதரம் பாருங்க. அதைச் சுவரோட கட்டிவெச்சிருக்கிற மெல்லிசு நாருங்க இருக்கே, அது தெரியுதா?"

பார்த்தார். "இருக்குதுன்னும் சொல்லலாமுங்க, இல்லைன்னும் சொல்லலாமுங்க. படம் எடுக்கறப்ப பொண்ணு காலை நீட்டிட்டுப் படுத்திருக்குது. நீட்டின காலுல எல்லாம் அதது எடத்துலதான் இருக்குமுங்க. சம்மணம் போட்டுட்டு என்ர மிஷினுக்குள்ள நுழைய முடியாதுங்களே!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு அதுதான் விடை. முழங்காலுக்குள் இரண்டு பிறைவடிவ மெத்தைகள் இருக்கின்றன. நாம் மெனிஸ்கஸ் என்போம், ஊரில் ஜவ்வு என்பார்கள். வெளிப்பக்கத்து ஜவ்வு இயல்பிலேயே கொஞ்சம் ஊஞ்சலாடும் பிறவி. அதைப் பின்சுவரோடு பிடித்துவைத்திருக்கும் நார்கள் அறுந்துபோனால், ஆழமாக மடக்கும்போது முன்னால் சறுக்கிவந்து எலும்புக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். காலைத் திருப்பினால் தன் இடத்துக்குத் திரும்பிப் போய், ஒன்றும் தெரியாத பிள்ளைபோல உட்கார்ந்துகொள்ளும். கிழிசல் கிடையாது, வீக்கம் கிடையாது, படத்தில் சாட்சி கிடையாது. வெளிநாட்டுப் புத்தகத்தில் இதற்கு இரண்டு பத்திதான் ஒதுக்கியிருப்பார்கள். அவர்கள் சாப்பிடுவது மேஜையில்.

இனி முடிவெடுக்கவேண்டியது நான். எம்ஆர்ஐ இயல்பு என்று சொன்ன முழங்காலைத் துளைப்பதா?

இங்கேதான் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கீஹோல் சின்ன ஆபரேஷன்தானே, போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். துளை சின்னதுதான். ஆனால் உள்ளே போய் ஒன்றும் கிடைக்காவிட்டால், "கேமரா விட்டுப் பார்த்தும் ஒன்றுமில்லை" என்று நான் எழுதவேண்டிவரும். அதற்குமேல் அந்தப் பெண் யாரிடம் போய்ப் பேசுவாள்? படம் சொன்ன பொய்யைக் கேமராவால் திருத்தலாம். கேமரா சொன்ன பொய்யைத் திருத்த ஆள் கிடையாது.

இதை அப்படியே பிரிசில்லாவிடம் சொன்னேன். "உள்ளே ஒண்ணும் இல்லைன்னா, இல்லைன்னுதான் எழுதுவேன். உனக்காக மாத்தி எழுதமாட்டேன்."

அவள் சொன்னாள்: "எழுதுங்க சார். ஆனா தேடிட்டு எழுதுங்க. தேடாம எழுதினவங்க ஏற்கெனவே நெறைய பேரு."

சாமுவேல் மகளின் முதுகில் லேசாகத் தட்டி, "டாக்டர்கிட்ட இப்டியாட்டி பேசுவாவ?" என்றார். பேசட்டும் என்றேன். எனக்கு இதைவிட மரியாதையாக யாரும் கட்டளை போட்டதில்லை.

ஆபரேஷன் அன்று மயக்க மருந்து கொடுத்தவர் டாக்டர் ஜெஹரா. ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்காரர். என் நகைச்சுவைக்கு ஒருமுறைகூடச் சிரிக்காதவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார். உங்களுக்குத் தெரியும், ஆள் விழித்தபடிதான் இருப்பார். திரையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தால் தன் முழங்காலின் உள்பக்கத்தைத் தானே பார்க்கலாம். எங்கள் ஆஸ்பத்திரியில் இன்னொரு வழக்கமும் உண்டு. அதே படம் வெளியே காத்திருக்கும் இடத்து டிவியிலும் ஓடும். ஆபரேஷன் உண்மையிலேயே நடக்கிறதா என்று ஒரு காலத்தில் யாரோ சந்தேகப்பட்டதால் வந்த ஏற்பாடு. ஆக, உள்ளே பிரிசில்லா பார்க்கிறாள். வெளியே சாமுவேலும் யாதம்மாவும் பார்க்கிறார்கள். கிரிக்கெட்டை மட்டும்தான் இதைவிட அதிகப் பேர் முன்னால் ஆடுவார்கள்.

கேமராவை விட்டேன். உள்பக்க ஜவ்வு முத்துப்போல வெள்ளை. குறுக்கு நார்கள் கயிறுபோல இறுக்கம். எலும்பின் மேற்பூச்சு வழவழவென்று. வெளிப்பக்கத்தைப் பார்க்கக் காலை நாலு என்ற எண்போல மடக்கிவைத்தேன். நாம் எல்லோரும் அப்படித்தானே செய்வோம். வெளிப்பக்க ஜவ்வு, அது இருக்கவேண்டிய இடத்தில், இருக்கவேண்டிய உருவத்தில், சமர்த்தாக இருந்தது.

கொக்கியை விட்டு இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் வந்தது. ஆனால் சொன்னேனே, அது இயல்பிலேயே கொஞ்சம் வரும். இது அந்தக் கொஞ்சமா, அதற்கு மேலா? அளவுகோல் எதுவும் கிடையாது.

"சார், கிடைச்சுதா?" என்றாள் பிரிசில்லா.

"தேடுறேன்மா."

நர்ஸ் வந்து, "வெளியில மேடம் கேக்குறாங்க, முடிஞ்சாச்சான்னு. டிவியில எல்லாம் சுத்தமா இருக்காம்" என்றார். எனக்கு வாய்த்த விமர்சகர்களைப் பாருங்கள்.

தம்பிமார்களே, தங்கைகளே, அந்த நிமிடத்தைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். என் மனசுக்குள் ஒருத்தன் எட்டிப்பார்த்தான். "கொஞ்சம் ஆடுதுல்ல? 'தளர்ந்திருக்கிறது'ன்னு எழுது. ரெண்டு தையலைப் போடு. பொண்ணு வேலை பொழைக்கும். யாரு கேக்கப்போறா?" நல்லவன்தான் அவன். இரக்கமுள்ளவன். அவனால்தான் ஆபத்து. கெட்ட யோசனை கெட்டவன் வேஷத்தில் வந்தால் நாம் சுலபமாக விரட்டிவிடுவோம். தெரியாததைத் தெரிந்ததாக ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்தமுறை என் கண்ணையே நான் நம்பமுடியாது. அவளிடமும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

இன்னொருத்தனும் எட்டிப்பார்த்தான். "இல்லைன்னு எழுதிட்டு வெளியே வா. பார்க்கவேண்டிய எல்லாத்தையும் பார்த்தாச்சு." அவன் ஒழுங்கானவன். அவனாலும் ஆபத்துதான்.

கையை அப்படியே நிறுத்திவிட்டேன். ஜெஹரா திரைக்கு மேலே தலையை நீட்டி, "கைக்கு? ஏன் நின்னுட்டீங்க?" என்றார்.

"யோசிக்கிறேன்."

"ஹவ்? அப்படியா? அதுக்கும் சேர்த்து மருந்து போட்டிருக்கேன், நிதானமா யோசிங்க."

யோசித்தேன். ரேடியாலஜிக்காரர் சிரித்தாரே, நீட்டின காலைத்தான் படமெடுக்கமுடியும் என்று. நான் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? இந்த நாலு வடிவம் பாதிச் சம்மணம். அவள் உட்காருவது முழுச் சம்மணம். கேள்வியை நானும் தப்பான இருக்கையில் வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"பிரிசில்லா, நீ உக்காரும்போது எந்தக் கால் அடியில போகும்?"

"வலதுதான் சார். குதிகால் இடது தொடைக்கு அடியில."

"எழுந்திருக்கும்போது?"

"இடது கையை ஊனிட்டு இடதுபக்கம் சாய்ஞ்சு எழுந்திருப்பேன். அப்பதான் பூட்டிக்கும்."

"உக்காரும்போது இல்ல, எழும்போது?"

"ஹவ் சார், ஆமா. சாயும்போது."

என் ஆஸ்பத்திரி அறையில் அன்று அவள் சாயவில்லை. யாதம்மா முறைத்துக்கொண்டிருந்ததில் நேராக, அட்டென்ஷனில் நிற்பதுபோல, எழுந்திருந்தாள். நானும் அதைக் கேட்டிருக்கவில்லை.

கேமராவை மூட்டின் முன்பக்கத்துக்கு, எதையும் உரசாத இடத்துக்கு இழுத்துக்கொண்டேன். மரத்துக்கிடந்த அவள் காலை எடுத்து, குதிகாலை உள்ளே தள்ளி, முழங்காலை முழுக்க மடக்கினேன். திரை இருட்டாகிவிட்டது. அந்த மடிப்பில் கேமராவுக்கு இடம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு செய்வதுபோலத்தான். முழங்காலை வெளிப்பக்கமாக அழுத்தி, அவள் சாய்வதுபோலக் கெண்டைக்காலைத் திருப்பினேன். என் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஒன்று இடம் மாறியது. சத்தம்கூட இல்லை. பக்கத்தில் தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல ஒரு அசைவு.

காலை நீட்டப் பார்த்தேன். வரவில்லை.

கொஞ்சம் கூடுதல் பலம் கொடுத்தேன். அப்போதும் வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது, கதவுக்கு அடியில் செருப்பு மாட்டிக்கொண்டதுபோல. கேமராவைத் திருப்பினேன். திரையில் வெளிச்சம் வந்தது. பின்னால் ஒழுங்காக உட்கார்ந்திருந்த வெள்ளைப் பிறை, தொடையெலும்பின் உருண்டைக்கு முன்னால் வந்து, நசுங்கி, மடங்கி, நன்றாகச் சிக்கிக்கொண்டு நின்றது.

பிரிசில்லா திரையைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "அதுதான் சார். அதுதான்."

வாழ்க்கையில் ஒருமுறையும் பார்க்காத ஒன்றை அடையாளம் காட்டினாள், கூட்டத்தில் திருடனைப் பிடித்துக்கொடுப்பதுபோல.

உடனே விடுவித்துத் தையல் போட்டு முடித்திருக்கலாம். நான் நர்ஸைக் கூப்பிட்டு, "வெளியில இருக்கிற மேடத்துக்குக் கவுன், தொப்பி, முகமூடி எல்லாம் போட்டு உள்ளே கூட்டிட்டு வாங்க" என்றேன். பிரிசில்லாவிடம் சம்மதம் கேட்டேன். "கூப்பிடுங்க சார், கூப்பிடுங்க!" என்றாள். ஜெஹரா, "இது தியேட்டரா, சர்க்கஸா?" என்று முணுமுணுத்தபடியே தலைமாட்டில் இடம்விட்டார்.

யாதம்மா பச்சைக் கவுனுக்குள் பாதியாகிப்போய் உள்ளே வந்தார். அவர் காக்கிக்குள் இருந்தபோது எனக்கு இருந்த பயம் பச்சைக்குள் இல்லை.

"மேடம், டிவியில சுத்தமா இருந்தது நிஜம்தான். இப்ப காலைப் பாருங்க."

பார்த்தார். "இதே மாதிரிதான் சார். கிரவுண்ட்ல இதே மாதிரிதான் வெச்சிருப்பா."

ஜெஹரா குனிந்து, "பேட்டா, வலதுகால் விரலை ஆட்டு" என்றார். பிரிசில்லா முகத்தைச் சுருக்கி முயன்றாள். ஒரு விரல்கூட அசையவில்லை. "பாருங்க மேடம், கால் இப்ப இவ சொன்னபடி கேக்காது. என் மருந்து சொன்னபடிதான் கேக்கும்."

நான் காலை மறுபடி நீட்டிக் காட்டினேன். அதே இடத்தில் நின்றது.

"மரத்துப்போன காலுக்கு நடிக்கத் தெரியாது மேடம்" என்றேன்.

யாதம்மா காலையும் பார்த்தார், திரையையும் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை சட்டென்று நிலைக்கு வரவில்லை. பிறகு குனிந்து பிரிசில்லாவின் காதருகே போனார். மன்னிப்பு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். டிரில் சொல்லிக்கொடுப்பவர்களை எனக்குச் சரியாகத் தெரியாது.

"ஏன்டி, இடதுபக்கம் சாய்ஞ்சு எழுந்திருன்னு யார் சொல்லிக்கொடுத்தா உனக்கு? நேரா எழுந்திருக்கணும்னு எத்தனை தடவை கத்தியிருப்பேன்? அடுத்த பேட்ச்சுக்கு வா, உன்னை வெச்சுக்கறேன்."

பிரிசில்லா அழுதுகொண்டே சிரித்தாள். "யெஸ் மேடம்."

அடுத்த பேட்ச். அந்த இரண்டு வார்த்தைகளுக்காகத்தான் அவ்வளவும். என் மொத்த வேலை வாழ்க்கையில் நான் கேட்ட நல்ல தீர்ப்பு அது.

காலை உள்பக்கமாகத் திருப்பிக் கொக்கியால் மெல்லத் தள்ளினேன். அவள் சொன்ன அதே 'டக்'. ஜவ்வு வீட்டுக்குப் போய்விட்டது. அதைச் சுவரோடு சேர்த்துத் தைத்தேன். எப்படித் தைத்தேன் என்று சொல்லப்போவதில்லை, என்னைவிட அழகாக நீங்கள் தைப்பீர்கள்.

வெளியே வந்தபோது சாமுவேல் டிவிக்கு முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அந்த வெள்ளைப் பிறை என்னவென்று புரிந்திருக்க வாய்ப்பில்லை.

"முட்டும் பொய் சொல்லல சார்?"

"சொல்லல. நாமதான் சரியாக் கேக்கல."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஜெபம் நீண்டுகொண்டே போனது. அடுத்த நோயாளி காத்திருந்தார். கையை இழுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மரியாதை என்று சொல்லிக்கொள்ளலாம். எனக்காக ஒருவர் கடவுளிடம் இவ்வளவு நேரம் நல்லதாகப் பேசி நான் கேட்டதேயில்லை, அதுதான் உண்மை.

உங்களுக்குப் பாடம் என்று ஒன்றை எழுதவேண்டும் என்கிறார்கள். படத்தை நம்பாதீர்கள் என்று சொல்லமாட்டேன். அந்தப் படம் தன்னிடம் கேட்டதற்குச் சரியாகவே பதில் சொன்னது. நீட்டிய கால் எப்படி இருக்கிறது என்று கேட்டோம், நன்றாக இருக்கிறது என்றது. கேமராவும் அப்படித்தான். கருவிகளுக்கு மரியாதை தெரியும், கேட்டதற்கு மேல் பேசாது. மனிதர்கள்தான் கேட்காததையும் சொல்வார்கள். ஜமுக்காளம், நாற்காலி, கிழவிகள் என்று ஏதேதோ சொல்வார்கள். அதைக் கேட்க நேரமில்லை என்று நினைக்கிற அன்றைக்குக் கொஞ்சம் உட்காருங்கள். 'ஒன்றுமில்லை' என்று எழுதுமுன், வலிக்கிற வேலையை வலிக்கிற விதத்திலேயே அந்த மூட்டைச் செய்யவைத்துப் பார்த்தோமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் ஒன்றுமில்லையென்றால் தைரியமாக எழுதுங்கள். இரக்கத்துக்காக எதையும் கண்டுபிடிக்காதீர்கள்.

பிரிசில்லா மாதக்கணக்கில் தரைப்பக்கமே போகாமல், பிசியோதெரபிக்காரர் சொன்னதையெல்லாம் செய்து, அடுத்த பேட்ச் சேரும் சமயத்தில் தகுதிச் சான்றிதழுக்காக வந்தாள். கூட்டி வந்தது யாதம்மாதான். சாமுவேலுக்கு அன்று பள்ளிக்கூடத்தில் பரீட்சை.

அறையின் மூலையில் போர்வையை விரித்து, "சம்மணம் போட்டு உட்காரு, நான் சொல்லும்வரை எழுந்திருக்காதே" என்றேன். உட்கார்ந்தாள். நான் பாட்டுக்கு மற்ற நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினேன். வந்தவர்கள் எல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "இந்தப் பொண்ணு என்ன தப்பு பண்ணிச்சு?" என்று ஒரு பெரியவர் விசாரித்தார். யாதம்மா நாற்காலியில் உட்காரவே இல்லை, சுவரோரமாக நின்று அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்தது. "இப்ப எழுந்திரு. உன் வழக்கப்படி, இடதுபக்கம் சாய்ஞ்சு."

பிரிசில்லா யாதம்மாவைப் பார்த்தாள். யாதம்மா தலையாட்டினார். அவள் இடது கையை ஊன்றிச் சாய்ந்தாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு மட்டும்தான் அந்த நிலைமை என்று நினைத்தேன், பக்கத்தில் யாதம்மாவும் மூச்சு விடவில்லை. பிரிசில்லா எழுந்து நின்றாள். வலதுகால் நேராக நின்றது. மறுபடி உட்கார்ந்தாள், நான் சொல்லாமலே. மறுபடி எழுந்தாள். மூன்றாவது முறை உட்காரப் போனபோது யாதம்மா, "போதும்டி, டாக்டருக்கு வேற வேலை இல்லையா?" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"எழுதுங்க சார்."

எழுதினேன்: பயிற்சிக்கு முழுத் தகுதி. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே மருந்துக்கடைக்காரர் துணையில்லாமல் படிக்கமுடிந்த ஒரே சீட்டு அதுதான்.